பதிவு 27, வருகை 26

மொரம்பூர் அரசு நடுநிலைப்பள்ளியில் எழுநூற்று இருபது அடி ஆழத்திலிருந்து முதல் குழந்தை "உள்ளேன் ஐயா" என்று சொன்னபோது, தலைமையாசிரியை கோதைநாயகி முதலில் செய்த காரியம், எந்த வகுப்பில் வாத்தியார் இல்லை என்று திரும்பிப் பார்த்து முறைத்ததுதான். எல்லா வகுப்புகளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் ரிக் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு நாளாக வெறும் வெள்ளைப் புழுதியைக் கக்கிக்கொண்டிருந்த போர்வெல் குழாயின் வாயிலிருந்து, சளி பிடித்த இன்னொரு குழந்தை "உள்ளேன் ஐயா" என்றது. அப்புறம் ஒரு கீச்சுக்குரல். அப்புறம் வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்ன ஒரு குரல்.

ரிக் ஓட்டும் நாச்சிமுத்து இன்ஜினை அணைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சருங்க, கீழ பசங்க இருக்கறாங்க. ஓட்டறதுங்களா, நிறுத்தறதுங்களா?"

"நிறுத்திப்போடுங்க. யாரு மேலயாவது பட்டுறப் போவுது," என்றார் கோதைநாயகி.

அவ்வளவுதான் அன்றைக்கு அதைப் பற்றி நடந்த பேச்சு. மொரம்பூர்க்காரர்கள் பூமியிலிருந்து எத்தனையோ வந்து பார்த்தவர்கள். தண்ணீருக்குத் தோண்டினால் கரும்பாறை வந்திருக்கிறது, கரும்பாறைக்குத் தோண்டினால் உப்புத்தண்ணீர் வந்திருக்கிறது. குழந்தைகள் வந்தது இதுதான் முதல் தடவை என்றாலும், பள்ளிக்கூடத்தில் தோண்டினால் பின்னே என்ன வரும் என்று டீக்கடை ரங்கப்பன் கேட்டதை ஊரே நியாயம் என்று ஒப்புக்கொண்டது.

இந்தப் போர்வெல் எப்படி இங்கே வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கம் பாவாயம்மாளைத் தெரியாதவர் கிடையாது. புருசன் செத்தபோது மிஞ்சியது ஒரே ஒரு பழைய ரிக் வண்டி. அதை வைத்துக்கொண்டு ஆந்திராவும் ராஜஸ்தானும் போய்ப் பாறையை உடைத்து, பதினாலு வண்டிக்காரியாகத் திரும்பி வந்த அறுபத்திரண்டு வயது மனுஷி அவர். இன்ஜின் சத்தத்தில் கத்திக் கத்திக் குரல் ஜல்லி கொட்டினாற்போல ஆகிவிட்டது. அந்தப் பதினாலு வண்டிகளில் ஒன்று எந்த ஊர்த் தோட்டத்துக்கும் போகாது, எந்த மில்லுக்கும் போகாது. அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும்தான் போகும். அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பள்ளிக்கூடங்களுக்கு அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருந்தார். முதல் குழாய் பெண்பிள்ளைகள் கக்கூசுக்கு, மிச்சம்தான் மற்றதெல்லாம் என்பது ஒன்றுதான் அவர் போடும் கண்டிஷன். வேலை முடிந்ததும் வெளியே ரோட்டில் நின்று, உள்ளே பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். கேட்டதும் காரில் ஏறிப் போய்விடுவார். பொன்னாடை வாங்கமாட்டார், மேடை ஏறமாட்டார், கேட்டுக்கு உள்ளே காலே வைக்கமாட்டார். நம் பக்கத்தில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர்கூட வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன்மேல் உபயம் என்று தன் பேரை எழுதிவைப்பார் இல்லையா, அதுவும் அவருக்கு ஆகாது. "என்ற பேரை எழுதறதுக்குப் பள்ளிக்கூடத்துல எடமில்லீங்," என்று சொல்லிவிடுவார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் சேராத பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அது மொரம்பூர். அவர் பிறந்த ஊர்.

அது ஏன் என்று ஊர் பல விதமாகப் பேசியது. கோதைநாயகி டீச்சருக்கு அதெல்லாம் வேண்டாத பேச்சு. அவர் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. அவருக்கு இருந்தது ஒரே கவலை. மொரம்பூரில் எட்டாவது வரைக்கும்தான் உண்டு. ஒன்பதாவது வேண்டுமென்றால் ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். போன வருசம் எட்டாவது முடித்த பதினாலு பெண்பிள்ளைகளில் பதினோரு பேர் தறிக்குடோனுக்குப் போய்விட்டார்கள். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க மனு எழுதி எழுதி, கடைசியில் பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வு அலுவலர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. பெண்பிள்ளைகள் கக்கூசில் தண்ணீர் இல்லையென்றால் மனு செல்லாது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆகவே அவர் திருச்செங்கோட்டு ஷெட்டுக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். முதல் இரண்டு தடவை பாவாயம்மாள், "நம்மூர்ல தண்ணியில்லீங், பாறைதான்," என்று திருப்பித் தாட்டிவிட்டார். மூன்றாம் தடவை டீச்சர் அந்தப் பதினோரு பேரின் பெயரையும் ஒன்றொன்றாகச் சொன்னார்.

பாவாயம்மாள் கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். "கதவு இருக்குதுங்களா?" என்றார்.

"கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்குதுங்க. தண்ணிதான் இல்ல."

"வண்டி வரும். விழாகிழான்னு ஒண்ணும் வெக்கப்படாது."

ஒன்றும் வைக்கமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஊராட்சித் தலைவர் சென்னியப்பனுக்குப் போன் போட்டு, பந்தல், மைக் செட், பொன்னாடை, கேடயம், ஃப்ளெக்ஸ் எல்லாவற்றுக்கும் கோதைநாயகி டீச்சர் ஏற்பாடு செய்தார். பாவாயம்மாளின் போட்டோ ஊரில் ஒருத்தரிடமும் இல்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் யோசித்துப் பார்த்து, ரிக் வண்டியின் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, அதற்கு ஒரு மாலையும் போட்டு, "கல்விக்கு நீர் வார்த்த எங்கள் தாயே வருக" என்று அடித்துக் கொடுத்துவிட்டார். வண்டியும் கொஞ்சம் வெட்கத்தோடு நிற்பது போலத்தான் இருந்தது.

அப்படி வந்த போர்வெல்லில்தான் தண்ணீருக்குப் பதிலாகப் பிள்ளைகள் ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் ரங்கப்பன் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குழாயருகே நின்றவர், ஒரு குரல் வந்ததும் டம்ளர் தட்டைக் கீழே வைத்தார். "அது நானுங்க," என்றார். அறுபத்தேழு வயதுக்காரர். "நாலாவது படிக்கறப்ப எங்கய்யன் என்னைய மாடு மேய்க்கத் தாட்டிவுட்டாரு. அப்ப எனக்கு முன்பல்லு ரெண்டு கெடையாது. பாருங்க, காத்து போவுது." மறுபடியும் அந்தக் குரல் வந்தபோது எல்லாரும் கேட்டார்கள், முன்பல் இல்லாத இடத்தில் காற்றுப் போனது.

அப்புறம் ஊரே வந்தது. விழாவுக்குப் போட்ட பந்தலில் உட்கார இடமில்லாமல் போயிற்று. மைக் செட்டுக்காரர் சும்மா இருப்பானேன் என்று மைக்கைக் குழாய்வாயில் கட்டினார். விடிந்தால் அடைந்தால் சடக்சடக்கென்று ஓடும் மொரம்பூர்த் தறிகள், தீபாவளிக்கும் நிற்காத தறிகள், ஒவ்வொரு குடோனாக நின்றன. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அப்போதுதான் அந்த ஊரின் காற்று எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டார்கள். தறியிலிருந்தும், பஞ்சாலையிலிருந்தும், செங்கல் சூளையிலிருந்தும், கட்டிக்கொடுத்த ஊர்களிலிருந்தும் மனுசர்கள் வந்து குழாயைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் குரல் வரும்வரை காத்திருந்தார்கள். வந்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஆனாலும் அவர் டீச்சர். யாரும் கூப்பிடாமல் ஒரு வகுப்பு ஆஜர் சொல்லிக்கொண்டே இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, ஸ்டோர் ரூமிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அறுபத்தெட்டு வருசத்து வருகைப் பதிவேடுகள் அதில் இருந்தன, கரையான் தின்றதும் தின்னாததுமாக. அவற்றில் சிவப்பு மையால் அடித்த பெயர்கள் இருந்தன. அடித்த கோட்டின் ஓரத்தில் பழைய வாத்தியார்கள் ஒவ்வொரு வார்த்தையில் காரணம் எழுதியிருந்தார்கள். தறி. மாடு. கல்யாணம். ஊர் மாற்றம். தறி. தறி. இறப்பு. கல்யாணம்.

டீச்சர் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதல் சிவப்புப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். கூப்பிட்ட மாத்திரத்தில் குழாயிலிருந்த எல்லாச் சத்தமும் அடங்கி, ஒரே ஒரு குரல் மட்டும், இத்தனை வருசமாக இதற்குத்தான் காத்திருந்தது போல, "உள்ளேன் ஐயா" என்றது. டீச்சர் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்தக் குரல் அப்புறம் தானாக வரவே இல்லை. குழாயின் இரும்பு வாயில் ஒரு துளி ஈரம் அரும்பி நின்றது. நாச்சிமுத்து அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்ல தண்ணிங்க," என்றார்.

ஆக வழி தெரிந்துவிட்டது. ஒரு பெயர், ஒரு துளி.

காலை முழுதும் பாடம், மதியத்திலிருந்து ஆஜர் என்று டீச்சர் வகுத்துக்கொண்டார். நாளுக்கு இருநூறு பெயர். மூன்றாம் வகுப்பில் காய்ச்சலில் போன தம்பியின் குரலைக் கேட்ட செல்லாயக்கா, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "இன்னொருக்காக் கூப்புடு அம்மிணி," என்றார். ஒரு பெயரை ஒரு தடவைக்கு மேல் கூப்பிடுவது கோதைநாயகி டீச்சரின் இருபத்தாறு வருச சர்வீஸில் இல்லாத வழக்கம். கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா" என்று மறுபடியும் குரல் வந்தது, அதுதான் சொன்னேனே என்கிற எரிச்சலோடு. செல்லாயக்கா அழுதுகொண்டே சிரித்தார். பந்தல் முழுக்க அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு, நடுவில் டீச்சரின் குரலும் பூமியின் பதிலும், கூப்பிட்டால் இல்லையென்னாத அந்தப் பதிலும்.

இந்த நாள்கள் எல்லாவற்றிலும் பாவாயம்மாள் கேட்டுக்கு வெளியே, ரோட்டில், கம்ப்ரஸர் லாரியின் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் போகலாம் என்று நாச்சிமுத்து இரண்டு தடவை கேட்டுவிட்டார். "இருக்கட்டும்," என்றார். டீச்சர் போய் உள்ளே வரும்படி கூப்பிட்டபோது, "இங்கயே கேக்குதுங்க," என்றார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் குழாய்ப் பக்கம் திரும்புவதையும், குரல் வந்ததும் தோள் இறங்குவதையும் டீச்சர் தூரத்திலிருந்து பார்த்தார். ஒரே வருசத்தில் மூன்று பாவாயிகள் வந்தபோது மட்டும் ஊரே கேட்டைத் திரும்பிப் பார்த்தது. மூன்றுக்கும் மூன்று பேர், வேறு வேறு தெருக்காரர்கள், எழுந்து நின்றார்கள். பாவாயம்மாள் அசையவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கடைசிச் சிவப்புப் பெயரும் முடிந்தது. குழாய் அமைதியாகிவிட்டது. அது தளும்பும் என்று எல்லாரும் குடத்தோடு நின்றார்கள். ஈரம் மினுமினுத்தது, அவ்வளவுதான். நாச்சிமுத்து கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தார். "கிட்டக்க வந்து நிக்குதுங்க. பத்தடிதான். என்னமோ ஒண்ணு மறிச்சுக்கிட்டு இருக்குது," என்றார். காலையில் பத்து மணிக்கு ஆய்வு அலுவலர்.

எல்லாரும் போன பிறகு டீச்சர் மட்டும் பள்ளி முகப்பில் நின்றார். அங்கே ஒரு கரும்பலகையில் ஒவ்வொரு வகுப்புக்கும் நேராகப் பதிவு எத்தனை, வருகை எத்தனை என்று தினமும் எழுதுவார்கள். எட்டாம் வகுப்புக்கு நேராக, பதிவு 27, வருகை 26 என்று இருந்தது. எட்டாவதில் இருப்பதே இருபத்தாறு பேர்தான் என்பது அவருக்குத் தெரியும். வந்த புதிதில் இதைக் கேட்டிருக்கிறார். இருபத்தேழாவது பேரைத் தாண்டிவிடுவது இங்கே வழக்கம், யாரோ நீண்ட நாள் வராத பிள்ளை, டி.சி. வாங்காமல் பெயரை எடுத்தால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் பழைய பதிவேட்டிலிருந்து புதிய பதிவேட்டுக்கு அந்தப் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். வரிசை எண் இருபத்தேழு: மா. திலகவதி. ஒவ்வொரு வருசமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். எல்லாவற்றிலும் திலகவதி இருந்தாள். கூடப் படித்தவர்கள் கிழவர்களான பிறகும், அவர்கள் பேரப்பிள்ளைகள் எட்டாவது முடித்துப் போன பிறகும், நாற்பத்தொன்பது வருசமாக அவள் ஒருத்தி மட்டும் எட்டாவதிலேயே இருந்தாள். ஒரு நாளும் வராமல், ஒரு நாளும் நீங்காமல்.

சேர்க்கைப் பதிவேட்டின் அடியில் அவளுக்கு ஒரு வரி இருந்தது. தகப்பன் பெயர் மாரப்பன். தொழில் கிணறு வெட்டு. பிறந்த தேதி, அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருந்தது போலவே, ஜூன் ஒன்று. ஓரத்தில் யாரோ ஒரு வாத்தியார் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார்: "குழந்தை கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்டது. இவ்வகுப்பில் ஏற்கெனவே மூன்று பாவாயி இருப்பதால் திலகவதி எனப் பெயரிடப்பட்டது."

கோதைநாயகி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு முன்பே, பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். பாவாயம்மாள் அதே சக்கரத்தில் சாய்ந்து நின்றார்.

"முடிஞ்சுதுங்களா எல்லாப் பேரும்?" என்றார் பாவாயம்மாள்.

"சிவப்பு மையில அடிச்சதெல்லாம் முடிஞ்சுதுங்க."

"என்ற பேரு வரலீங்களே." அந்தக் கரகரத்த குரல் தணிந்துபோயிருந்தது. "ஊரு கூடியிருக்கறப்ப என்ற கொரலு மேல வந்துருமோன்னு இத்தினி நாளா பயந்துக்கிட்டு நின்னேன். அது வரலியேன்னு நேத்து ராத்திரி பூரா அழுதேன். அடிச்ச பேருலகூட நான் இல்லியாட்டம் இருக்குது."

"பள்ளிக்கூடத்த விட்ட அன்னிக்கு என்ன ஆச்சுங்க?"

பாவாயம்மாள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். "கணக்குப் பாடம். எந்திரிச்சுக் கணக்குப் போடச் சொன்னாரு சாரு. எந்திரிச்சதுக்குப் பொறவுதான் தெரிஞ்சுது. பெஞ்சு நனைஞ்சிருக்குது, பாவாடை செவப்பா நனைஞ்சிருக்குது. பள்ளிக்கூடத்துல தண்ணின்னா ஒரே ஒரு பானைங்க, அதுவும் குடிக்கறதுக்கு. கழுவறதுக்கு ஒரு சொம்புத் தண்ணி கெடச்சிருந்தா நான் அடுத்த நாளு வந்திருப்பேன். யாரும் என்ற பின்பக்கத்தப் பாத்தரப்படாதுன்னு பின்னாடியே நடந்தேன். வகுப்புல இருந்து இந்தக் கேட்டு வரைக்கும் பள்ளிக்கூடத்தப் பாத்துக்கிட்டே பின்னாடியே நடந்து வந்தேன். எத்தன பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி எடுத்தாலும், உள்ள போவணும்னா காலு பின்னாடிதான் இழுக்குதுங்க."

டீச்சர் பதிவேட்டைத் திறந்து, இருபத்தேழாவது வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"உங்க பேரை யாரும் அடிக்கலீங்க. நாப்பத்தொம்பது வருசமா இங்கயேதான் இருக்குது. போனவங்க கொரலுதான் பூமிக்குள்ள இருந்துச்சு. நீங்க போவவே இல்லீங்களே, பொறவு எப்படி அங்க இருக்கும்?"

பாவாயம்மாள் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். தலைப்பெழுத்தைத் தொட்டார். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பதினாலு வண்டிகளை ஓட்டுகிறவர், பாறைக்குள் என்ன இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர், தன் பெயரை இரண்டு தடவை படித்த பிறகும் நம்பாமல் மூன்றாம் தடவையும் படித்தார்.

மணி அடித்தது. எட்டாம் வகுப்பை அன்றைக்கு மைதானத்தில் குழாய்க்குப் பக்கத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். கடைசியில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தை டீச்சர் விடச் சொல்லியிருந்தார். பந்தலில் ஊர் கூடியிருந்தது. பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டு சென்னியப்பன் நின்றார். எப்போது போர்த்துவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டீச்சர் பெயர்களைக் கூப்பிட்டார். இருபத்தாறு பேரும் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள், ஒவ்வொருவராக, அவசரமில்லாமல்.

"வரிசை எண் இருபத்தேழு. மா. திலகவதி."

குழாய் பேசவில்லை. யாரந்தத் திலகவதி என்று பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை. பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்தபடியே காத்திருந்தார்.

கேட்டில் கிரீஸ் படிந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கழற்றிவிடப்பட்டது. பாவாயம்மாள் உள்ளே வந்தார். முகம் முன்பக்கமாக, கை இரண்டையும் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் தரை தாங்குமா என்று பார்த்து வைப்பது போல நடந்து வந்தார். ஊர் எழுந்து நின்றது. அந்த நாற்பது ஐம்பது அடி தூரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்கு அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. வரிசையின் கடைசியில் வந்து நின்றபோது, அவருடைய வலதுகை தானாக எழுந்து, நரைத்த தலைக்கு மேல் வளைந்து, இடது காதைத் தொட்டது.

"உள்ளேன் ஐயா," என்றார், ஜல்லி கொட்டுகிற குரலில்.

ஐயா என்றதற்கு எட்டாம் வகுப்பு களுக்கென்று சிரித்தது. கோதைநாயகி டீச்சர் அந்தக் கட்டத்தில் ஒரு சாய்கோடு போட்டார்.

முதலில் கேட்டது, ஒரு பெரிய வகுப்பு முழுவதும் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம்தான். அது கீழே வெகு ஆழத்தில் கிளம்பி, மேலே மேலே வந்து, குழாய்வாயில் ஒரு கணம் நின்று, பிறகு தண்ணீராக எழுந்தது. கொடிக்கம்பத்து உயரம் எழுந்து, பந்தலிலும் பிள்ளைகள் மேலும் ஃப்ளெக்ஸில் வெட்கப்பட்டு நின்ற ரிக் வண்டி மேலும் கொட்டியது. யாரும் ஓடவில்லை. பெண்கள் முகத்தை ஏந்திக்கொண்டு நின்றார்கள், ரங்கப்பன் வாயைத் திறந்துகொண்டு நின்றார், சென்னியப்பன் நனைந்த பொன்னாடையைப் பிழிந்து, குளிரில் நடுங்கிய ஒரு சின்னப்பிள்ளையின் தலையைத் துவட்டினார். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே, முதல் குழாயின் கீழே ஒரு பக்கெட் நிறைகிற சத்தம் கேட்டது. பாவாயம்மாள் காதைக் கொடுத்து அதைக் கேட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை ரோட்டில் நின்று கேட்ட சத்தத்தை அவர் முதல் தடவையாக உள்ளே நின்று கேட்டார்.

பத்து மணிக்கு வந்த ஆய்வு அலுவலர், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். முகப்புப் பலகைக்கு வந்ததும், "எட்டாவதுல ஒருத்தர் வரலையா டீச்சர்?" என்றார்.

எட்டாம் வகுப்புத் தலைவி அபர்ணா ஓடிவந்து, நனைந்த பலகையை முழங்கையால் துடைத்து, சாக்பீஸை அழுத்திப் பிடித்து, 26 இருந்த இடத்தில் 27 என்று எழுதினாள். பதிவு 27, வருகை 27. நாற்பத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது. அலுவலர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு நின்ற பாவாயம்மாள் மெல்ல டீச்சரிடம் வந்தார். "நான் கெளம்பட்டுங்களா டீச்சருங்க? இன்னொரு வண்டி ஆந்திரா போவணும்."

கோதைநாயகி டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கண்டிப்பாக இருந்தது.

"காலைக் கோடுதான் போட்டிருக்குது. மத்தியானக் கோடு இன்னும் போடலை. போயி உன்ற எடத்துல உக்காரு, திலகவதி."

திலகவதி போய் உட்கார்ந்தாள்.